மடிக்கணினி கொடுத்தாயிற்று, பராமரிப்பது யார்?

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா ஒரே மேடையில் பல இலவசத் திட்டங்களைத் தொடங்கிவைத்தார். மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, கறவை மாடு, ஆடு, மாணவர்களுக்கு மடிக்கணினி. மிக்ஸி மக்கர் செய்தால் தெருமுனைக் கடையில் பார்த்துக்கொள்ளலாம். ஆட்டுக்குச் சீக்கு வந்தால் அரசு கால்நடை மருந்தகம் இருக்கிறது. மடிக்கணினி மட்டும்தான் கொடுத்த கையோடு கேட்பாரற்றுப் போனது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் போயின. அவை இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்க அரசில் ஒரு மேசை கிடையாது.

அடையாற்றங்கரையில் இருக்கும் எங்கள் அனகாபுத்தூரையே எடுத்துக்கொள்வோம். நெசவாளர் ஊர். மெட்ராஸ் செக்ஸ் துணி நெய்து நைஜீரியாவுக்கு அனுப்பிய ஊர். பிற்பாடு வாழைநாரில் சேலை நெய்து பெயர் வாங்கிய ஊர். இன்று தறிகள் அருகிவிட்டன. பிள்ளைகள் விமான நிலையத்துக்கும் கிண்டிக்கும் ஓஎம்ஆருக்கும் வேலைக்குப் போகிறார்கள். இங்கே சாதாரண வீடுகளில் கணினி என்றால் அநேகமாக மூன்றில் ஒன்றுதான். அக்கா பிளஸ் டூவில் வாங்கி, தம்பி படித்து முடித்து, இப்போது பேட்டரி செத்து சார்ஜரோடு கட்டிப்போட்டிருக்கும் அரசு மடிக்கணினி ஒன்று. ஊரடங்கின்போது ஆன்லைன் வகுப்புக்கென்று அவசரமாக வாங்கிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப் இன்னொன்று. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மானிட்டர் ஒரு கடையில், கீபோர்டு ஒரு கடையில் என்று சேர்த்து ஒப்பேற்றிய டெஸ்க்டாப் மூன்றாவது. மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு: யாரோ ஒருவர் எப்போதோ அப்டேட்டை நிறுத்திவைத்திருப்பார்.

இவற்றில் படம் பார்க்கிறார்கள், கேம் ஆடுகிறார்கள் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. சொத்து வரி, மின் கட்டணம், வில்லங்கச் சான்று, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், பான் கார்டு திருத்தம் எல்லாம் இந்தப் பெட்டிகளில்தான் நடக்கின்றன. ஆதாரும் வீட்டுப் பத்திரமும் ஸ்கேன் செய்யப்பட்டு, டெஸ்க்டாப்பில் ‘நியூ ஃபோல்டர் 2’ என்ற பெயரில் கிடக்கின்றன.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது, 8.1-க்கு 2023 ஜனவரியில். கணினி எப்போதும்போல ஓடிக்கொண்டிருப்பதால் இது வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் “ஓடுற வரைக்கும் ஓடட்டும்” என்கிறார்கள்.

இந்தப் பதிலைச் சோம்பேறித்தனம் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அது உண்மையில்லை. அப்டேட் என்றால் பயப்படும்படி நம் மக்கள் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறார்கள். பழக்கியவர்களில் அரசுக்கும் பங்கு உண்டு. என் வாதம் இவ்வளவுதான்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். சாலை, கால்வாய் என்று சின்னச் சின்ன அரசு ஒப்பந்த வேலைகள் எடுத்துச் செய்தவர். “கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா இருக்கு, கொஞ்சம் வந்து பாருங்க தம்பி” என்று கூப்பிட்டார். கண்ட்ரோல் பேனலைத் திறந்து, ஏற்றியிருக்கும் மென்பொருள்களின் பட்டியலைப் பார்த்தால் அது ஒரு சிறிய அருங்காட்சியகம். ஜாவா 6 அப்டேட் 31, ஜாவா 7 அப்டேட் 51, ஜாவா 8, மூன்றும் வரிசையாக. அடோபி ஃபிளாஷ் பிளேயர். அடோபி ரீடர் 9. கூகுள் 2016-இல் கைகழுவிய பிக்காசா. 2025 மே மாதம் மூடப்பட்ட ஸ்கைப். நோக்கியா பிசி சூட். கடை எப்போதோ மூடிப்போன ஒரு டாங்கிளின் டயலர். ஆஸ்க் டூல்பார். இரண்டு ஆன்டிவைரஸ், இரண்டும் காலாவதி. 40 நாள் சோதனைக் காலம் முடிந்துவிட்டது என்று பல வருடங்களாகச் சலிக்காமல் நினைவூட்டிக்கொண்டிருக்கும் வின்ரார்.

மூன்று ஜாவா எப்படி வந்தது என்று கேட்டேன். “டெண்டர் சைட்டுக்குத்தான். ஒவ்வொரு வாட்டி அது திறக்காம போகும்போதும் கடைக்காரப் பையன் ஒண்ணு போட்டுக் குடுப்பான்” என்றார்.

விஷயம் இதில்தான் இருக்கிறது. ஆன்லைன் டெண்டர் வந்த புதிதில் யூஎஸ்பி டோக்கனில் இருக்கும் டிஜிட்டல் கையெழுத்தைப் போடுவதற்கு ஜாவா தேவைப்பட்டது. 2014 ஜனவரியில் வந்த ஜாவா 7 அப்டேட் 51, சரியான கையொப்பமில்லாத ஜாவா நிரல்களைத் தடுக்கத் தொடங்கியது. பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம். ஆனால் பல தளங்கள் ஒரே நாளில் வேலை செய்யாமல் போயின. டெண்டர் கடைசி நாள் மாலை ஐந்து மணி என்று இருக்கும்போது ஒப்பந்தக்காரர் என்ன செய்வார்? பழைய ஜாவாவைத் தேடிப்பிடித்து ஏற்றுவார், அல்லது பாதுகாப்பு அளவைக் குறைத்துவைப்பார். 2015 செப்டம்பரில் கூகுள் குரோம் ஜாவாவையே உள்ளே விட மறுத்தபோது, இன்டர்நெட் எக்ஸ்புளோரரே கதி என்று உட்கார்ந்தார்கள். அந்த எக்ஸ்புளோரரையும் மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-இல் ஓய்வுபெறச் செய்தது. இப்படிப் பத்து வருடம் புதியது வந்தால் வேலை கெடும், பழையது இருந்தால்தான் காரியம் நடக்கும் என்று ஒருவருக்குப் பாடம் நடத்திவிட்டு, இப்போது ‘அப்டேட் செய்யுங்கள்’ என்று விழிப்புணர்வு விளம்பரம் போட்டால் அவர் கேட்பாரா?

சரி, புது ஜாவா வந்ததும் பழையது போயிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேடு கமிஷனும் ஆரக்கிள் நிறுவனத்திடம் இதையே கேட்டது. அப்போது 85 கோடிக்கும் மேற்பட்ட கணினிகளில் ஜாவா இருந்ததாக ஆணையம் சொன்னது. ஜாவாவை அப்டேட் செய்தால் கணினி பாதுகாப்பாக இருக்கும் என்று ஆரக்கிள் வாக்குறுதி தந்தது. ஆனால் புதிய பதிப்பு தனக்கு முந்தைய ஒரேயொரு பதிப்பை மட்டும் நீக்கிவிட்டு, அதற்கும் முந்தையவற்றை அப்படியே விட்டுவைத்தது, மிகப் பழைய பதிப்புகளைத் தொடவேயில்லை என்பது குற்றச்சாட்டு. 2015 டிசம்பரில் சமரசமாயிற்று. பழையவற்றை நீக்கும் வழியைப் பயனாளர்களுக்குச் சொல்ல ஆரக்கிள் ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் ஒரு ஆணையம் கேட்டது. இங்கே அப்படிக் கேட்டதாக நான் அறியவில்லை. அனகாபுத்தூர்ப் பெரியவரின் கணினியில் அந்தப் பழைய ஜாவாக்கள் நான் பார்த்த நாள்வரை இருந்தன.

இந்தப் பட்டியலில் என் பார்வையில் அதிக ஆபத்து, எல்லோரும் சிரித்துக்கொண்டே கடந்துபோகும் வின்ராரில் இருந்தது. அதன் பழைய பதிப்புகளில் சுமார் 19 ஆண்டுகளாக ஒரு ஓட்டை இருந்தது 2019 பிப்ரவரியில் வெளியே வந்தது. 2023-இல் இன்னொன்று, சுருக்கப்பட்ட ஃபைலுக்குள் ஒரு படத்தைத் திறப்பதாக நினைத்துக் கிளிக் செய்தால், பின்னால் வேறொரு நிரல் ஓடும். 2025 ஜூலையில் மீண்டும் ஒன்று அடைக்கப்பட்டது. மூன்றையும் உலகமெங்கும் திருடர்கள் பயன்படுத்தினார்கள். வின்ரார் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வதில்லை. நாமாகப் போய்ப் புதிய பதிப்பை இறக்கி ஏற்றினால்தான் உண்டு. விண்டோஸை ஒழுங்காக அப்டேட் செய்கிறவர் வீட்டிலும் வின்ரார் பழசாகவே இருக்கும்.

அப்டேட் செய்யாவிட்டால் என்னதான் ஆகிவிடும் என்பதற்கு 2017 மே 12-ஐ நினைவுபடுத்தலாம். வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் அன்று கிளம்பி, சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. பிரிட்டனின் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. பக்கத்தில் கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களின் ஊராட்சி அலுவலகங்களிலும் ஆந்திரக் காவல் துறையிலும் கணினிகள் முடங்கின. இதில் பலரும் தவறாகச் சொல்லும் ஒன்று உண்டு: ஆதரவு நின்றுபோயிருந்த விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்கள்தான் மாட்டினார்கள் என்று. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அன்றைக்கு விண்டோஸ் 7-க்கு ஆதரவு இருந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே, ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பே, வெளியிட்டிருந்தது. வாங்கிப் போடாதவர்கள் மாட்டினார்கள். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு தலைமைச் செயலகத்தின் பொதுத்துறைக் கணினிகளையும் ஒரு பணயத் தீநிரல் பூட்டி, 1,950 டாலரைக் கிரிப்டோ கரன்சியாகக் கேட்டது. கோட்டைக்குள்ளேயே இந்தக் கதி.

வீட்டில் நடப்பது இவ்வளவு பெரிய செய்தியாவதில்லை. ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்கக் கொண்டுபோன பென்டிரைவ் திரும்பி வரும்போது ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். பிரவுசரில் சேமித்துவைத்த பாஸ்வேர்டுகள் சத்தமில்லாமல் வெளியே போயிருக்கும். மூன்று மாதம் கழித்து மகளின் மெயிலிலிருந்து யாருக்கோ பணம் கேட்டுக் கடிதம் போகும். அதற்கும் ஜாவாவுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை.

இனி, அப்டேட்டை நிறுத்துகிற அந்த ‘யாரோ ஒருவர்’. எங்கள் பகுதியில் வீட்டுக்கு வந்து கணினி பார்க்கிற இளைஞர்கள் பலர் உண்டு. டிப்ளமோ படித்தவர்கள், ரிச்சி தெருவில் ஒன்றிரண்டு வருடம் கடையில் நின்று தொழில் கற்றவர்கள். கணினி மெதுவாகிவிட்டது என்றால் அவர்களின் முதல் மருந்து ஃபார்மட். “ஓஎஸ் புதுசா போட்டுத் தரேன், ஆஃபீஸும் போட்டுடறேன்” என்று சில நூறு ரூபாய்க்கு வேலையை முடித்துவிடுவார்கள். போடுவது பெரும்பாலும் கிராக் செய்த விண்டோஸ். அதை ஏற்றியவுடன் அவர்கள் செய்யும் அடுத்த காரியம், அப்டேட்டை நிறுத்துவது. ஏனென்றால் அப்டேட் வந்தால் ‘இது அசல் விண்டோஸ் இல்லை’ என்று திரை கறுத்துப்போகும். வாடிக்கையாளர் திரும்பக் கூப்பிடுவார். “அப்டேட் தொல்லை வராம பண்ணிட்டேன் அக்கா” என்று அவர்கள் சொல்வது அவர்கள் கணக்கில் ஒரு கூடுதல் சேவை. கிராக் போடுவதற்கு முன்னால் ஆன்டிவைரஸை நிறுத்துவதும் வழக்கம். நிறுத்தாவிட்டால் அது கிராக்கையே பிடித்துவிடும்.

மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பிஎஸ்ஏ 2018-இல் வெளியிட்ட கணக்குப்படி, 2017-இல் இந்தியக் கணினிகளில் ஏற்றப்பட்ட மென்பொருளில் 56 விழுக்காடு உரிமம் இல்லாதது. விற்கிறவர்களின் சங்கம் சொல்லும் கணக்கு, கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்கலாம். தள்ளுபடி போகவும் மிச்சம் பெரிதுதான். நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய்க்குச் சந்தையில் பெட்டி வாங்குகிறவர், பெட்டியின் விலைக்கு மேல் விண்டோஸுக்கும் ஆஃபீஸுக்கும் கொடுக்க மாட்டார். எனவே, கிராக் போட்டுத் தரும் பையனைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மக்களின் பயத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, எல்லாம் நியாயமானவை. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓடும் வீட்டில் ஒரே அப்டேட் அன்றைய டேட்டாவை முழுங்கிவிடும். பாதி அப்டேட்டில் கரண்ட் போனால், பேட்டரி செத்த லேப்டாப் மறுபடி எழுந்திருக்குமா என்பது சந்தேகம். போதாக்குறைக்கு, அப்டேட்டே வினையான கதைகளும் உண்டு. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-இன் அரையாண்டு அப்டேட் சிலரின் சொந்த ஃபைல்களை அழித்தது. மைக்ரோசாஃப்ட் அதைத் திரும்பப் பெற்றது. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட், உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. நாட்டின் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மீனம்பாக்கத்திலும் விமானங்கள் தாமதமாயின. தலைக்கு மேலே தாழப் பறக்கும் விமானங்களைப் பார்த்தே நேரம் சொல்லும் அனகாபுத்தூர்க்காரர்களுக்கு அன்றைய தினம் நினைவிருக்கும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், அப்டேட் செய்து கெட்டவர்களைவிடச் செய்யாமல் கெட்டவர்கள் மிக அதிகம். கிரவுட்ஸ்டிரைக் பெரிய நிறுவனங்கள் வாங்கும் சரக்கு, அது வீட்டுக் கணினிகளைத் தொடவேயில்லை. 2018 கோளாறில் தப்பித்தவர்கள் இரண்டு வகை: சில நாள் பொறுத்து அப்டேட் செய்தவர்கள், வேறிடத்தில் நகல் வைத்திருந்தவர்கள். இரண்டு பழக்கமும் கைக்கொள்ளக் கூடியவைதான்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். பம்மல், பல்லாவரம் பக்கம் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடிக்கும் டிடிபி கடைகளில் இன்னமும் பேஜ்மேக்கர் 7 ஓடுகிறது. 2001-இல் வந்த மென்பொருள். 2004-இல் அடோபி அதை வளர்ப்பதை நிறுத்திவிட்டது. ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்? இருபது வருட வேலை முழுவதும் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் இருக்கிறது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தமிழ் தெரியாது. தமிழ்நாடு அரசு 2010-இல், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடைத் தரமாக அறிவித்தது. ஆனால் பழைய வேலையைப் புதிய எழுத்துருவுக்கு மாற்றிக் கொண்டுவருவதற்கு இந்தக் கடைக்காரர்களுக்கு யாரும் கைகொடுக்கவில்லை. எனவே, பழைய மென்பொருளைத் தூக்கிப் போடு என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்குச் சொல்வது வேறு: அந்தக் கணினியின் நெட் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் புகைப்படங்களை வேறொரு கணினியில் இறக்கி, வைரஸ் பார்த்து, பென்டிரைவில் கொண்டுவாருங்கள். வெளியுலகத் தொடர்பில்லாத பழைய கணினி அவ்வளவு ஆபத்தில்லை.

அரசின் பங்குக்கு வருவோம். தமிழ்நாட்டுக்கு வழி தெரியாமல் இல்லை. விண்டோஸுக்கு இலவச மாற்றான, பாஸ் எனப்படும் பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் லினக்ஸ், சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவானது. அதற்கு அடித்தளமான கட்டற்ற மென்பொருள் தேசிய வள மையம் 2005-இல் தொடங்கியபோது, கூட்டாளியாக இருந்தது குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையம். அனகாபுத்தூருக்குக் கூப்பிடு தூரம். தொடக்கத்தில் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, அரசு அலுவலகங்கள் பாஸ் லினக்ஸைப் பயன்படுத்த வேண்டும் என்று மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறை ஆணையே போட்டது. அதன்பிறகும் எத்தனை அலுவலகங்களில் விண்டோஸ் தவிர வேறெதையும் பார்த்திருக்கிறீர்கள்? மாணவர்கள் லினக்ஸ் பக்கமே போகவில்லை. சொல்லித்தர யாரும் இல்லை, சினிமாப் பாட்டு கேட்க விண்டோஸ் போதுமானதாக இருந்தது.

கேரளத்தில் இதே காலத்தில் பள்ளிக்கல்வித் துறையின் கைட் நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தனக்கென ஒரு லினக்ஸ் பதிப்பை உருவாக்கி, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பித்துத் தருகிறது. பள்ளிக் கணினிகள் அதில்தான் ஓடுகின்றன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி உண்டு. ‘லிட்டில் கைட்ஸ்’ என்று உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் மன்றம் உண்டு. அவர்கள் பணம் மிச்சம் பிடித்தார்கள் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, கணினியைக் கொடுத்த பிறகும் அதோடு ஒரு ஆள் இருந்தார் என்பதுதான். நாம் பெட்டி கொடுத்தோம், அவர்கள் ஆளும் கொடுத்தார்கள்.

2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்து 2,000 கோடி ரூபாயைத் தமிழ்நாடு அரசு ஒதுக்கியது. நல்ல காரியம். இந்தத் தடவையாவது ஒப்பந்தத்தில் ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒரு வரியாக இருக்க வேண்டும். மாணவர் கல்லூரியை விட்டுப் போன பிறகும் கணினியைக் கொண்டுபோய்க் காட்ட ஓர் இடம் வேண்டும். அரசுத் தளம் எதுவும், ‘பிரவுசரின் பாதுகாப்பைக் குறைத்துவையுங்கள்’, ‘இந்தப் பழைய பதிப்பை ஏற்றுங்கள்’ என்று எந்தக் குடிமகனிடமும் கேட்கக் கூடாது. கேட்டால் அது அந்தத் துறையின் குற்றமாக எழுதப்பட வேண்டும்.

அதுவரை வீட்டில் நாமே செய்யக்கூடியது ஒரு மணி நேர வேலை. மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட்டை வெளியிடுகிறது. அதனால் மாதத்தின் மூன்றாம் ஞாயிறு நல்ல நாள்; கோளாறு எதுவும் இருந்தால் அதற்குள் வெளியே தெரிந்திருக்கும். முதலில் புகைப்படங்களையும் பத்திர நகல்களையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவையுங்கள். 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் வந்தபோது கணினியோடு கல்யாண ஆல்பத்தையும் தொலைத்தவர்கள் இந்த ஊரில் பலர்; அந்த டிஸ்க் பரண்மேல் இருக்கட்டும். பிறகு செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, கடைசியாக எப்போது பயன்படுத்தினோம் என்று நினைவில்லாததை எல்லாம் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ஃபிளாஷ் பிளேயர் 2020 டிசம்பரோடு செத்துவிட்டது, யோசிக்காமல் நீக்கலாம். ஜாவா எதற்கு என்று தெரியாவிட்டால் உங்களுக்கு அது தேவையில்லை. தேவைப்படுகிறவர் கடைசிப் பதிப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் இரண்டையும் எடுத்துவிடுங்கள், விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். சி டிரைவ் சிவப்புக் கோட்டில் நின்றால் அப்டேட் ஏறாது. டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸின் மிச்சங்கள் இருந்தால் பல ஜிபி கிடைக்கும். அதன்பிறகு சார்ஜரைச் செருகிவிட்டு அப்டேட் கொடுங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் இன்டெல் எட்டாம் தலைமுறைப் பிராசசரோ அதற்குப் பிந்தையதோ இருந்தால் காசில்லாமல் 11-க்குப் போகலாம். அதற்கு முந்தையதை வைத்திருப்பவர்கள் போக முடியாது. அவர்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் வைக்க ஒப்புக்கொண்டால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு இலவசம். இல்லையென்றால் 30 டாலர். அசல் விண்டோஸாக இருந்தால் மட்டும். அரசு தந்த பழைய மடிக்கணினிகளுக்கு 11 கனவுதான். அவற்றுக்கு எடை குறைந்த லினக்ஸ் ஒன்றே வழி. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டால் பத்து வருடப் பெட்டியும் பில் கட்டவும் விண்ணப்பம் போடவும் தாராளமாக ஓடும். தமிழிலேயே விளக்கம் வேண்டுவோருக்கு 2012 முதல் வந்துகொண்டிருக்கும் ‘கணியம்’ இதழ் இருக்கிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினர் தமிழில் பேசியே உதவுகிறார்கள்.

ஆனால் மகனும் மகளும் வெளியூரில் இருக்கும் அறுபது வயது அம்மாவிடம் இதை எல்லாம் செய்யச் சொல்வது நடக்காத காரியம். 2021 நவம்பரில் அனகாபுத்தூர் நகராட்சியைச் சேர்த்துக்கொண்ட தாம்பரம் மாநகராட்சி தன் சமுதாயக் கூடங்களில் கண் பரிசோதனை முகாமுக்கும் வரி வசூல் முகாமுக்கும் இடம் தருகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு, அதே கூடத்தில் கணினி முகாம் ஒன்றை நடத்தலாம். பாலிடெக்னிக் மாணவர்கள் பத்துப் பேர், பகுதியில் தொழில் செய்யும் சர்வீஸ் பையன்கள் சிலர் அன்றைய சம்பளத்துக்கு, ஒழுங்கான இணைய இணைப்பு ஒன்று, கரண்ட் போனால் தாங்கும் இன்வெர்ட்டர் ஒன்று போதும். அடுத்த வார்டுக் கூட்டத்தில் உங்கள் கவுன்சிலரிடம் இதை மனுவாகவே எழுதிக் கொடுங்கள்.